ஸ்டான்லி கோப்பைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

ஐஸ் ஹாக்கியில் பெரிய ஈடுபாடு இல்லாதவர்கள்கூட ஸ்டான்லி கோப்பை என்ற பெயரை எங்கேயாவது கேள்விப்பட்டிருப்பார்கள். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக், அதாவது என்ஹெச்எல், ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் தன் சாம்பியன் அணிக்குக் கொடுக்கும் கோப்பை அது. ஏறத்தாழ 90 செ.மீ. உயரம், 15 கிலோவுக்கு மேல் எடை. வென்ற அணியின் கேப்டன் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி பனித்தளத்தைச் சுற்றி வருவார். பிறகு ஒவ்வொரு வீரராகக் கைமாற்றிக்கொண்டு சுற்றுவார்கள். பல் உடைந்து, மூக்கில் தையல் போட்ட ஆட்கள் அதைக் கையில் வாங்கியதும் குழந்தைபோல அழுவதைப் பார்க்கலாம்.

ஆனால் 1892இல் வாங்கப்பட்ட அசல் கிண்ணத்தில் ‘ஸ்டான்லி கோப்பை’ என்று எங்குமே எழுதியிருக்கவில்லை. ஒரு பக்கத்தில் ‘டொமினியன் ஹாக்கி சேலஞ்ச் கப்’ என்று பொறித்திருந்தார்கள். மறுபக்கத்தில் ஒரு குடும்பச் சின்னமும், ‘பிரெஸ்டனின் ஸ்டான்லி வழங்கியது’ என்ற பொருளில் ஒரு சிறு வரியும் இருந்தன. கோப்பையின் பெயர் ஒன்று, கொடுத்தவரின் பெயர் இன்னொன்று. நாளடைவில் முதல் பெயர் மறைந்து இரண்டாவது நிலைத்துவிட்டது. அது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி நாலு வரி. கனடாவில் வெறுமனே ‘ஹாக்கி’ என்றாலே ஐஸ் ஹாக்கிதான். கோல்காப்பாளரையும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஆறு பேர், காலில் ஸ்கேட்ஸ் கட்டிக்கொண்டு, பந்துக்குப் பதிலாகக் கெட்டியான ரப்பர் வட்டு ஒன்றை மட்டையால் அடித்து வலைக்குள் தள்ள வேண்டும். அந்த வட்டுக்குப் ‘பக்’ என்று பெயர். உறைந்த ஆறுகளிலும் ஏரிகளிலும் ஆளுக்கொரு விதமாக ஆடிவந்த விளையாட்டு இது. 1875 மார்ச் 3 அன்று மான்ட்ரியால் நகரின் விக்டோரியா ஸ்கேட்டிங் அரங்கில் அதை முதன்முறையாகக் கூரைக்குக் கீழே ஒழுங்குபடுத்தி ஆடினார்கள். அதற்கப்புறம் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மான்ட்ரியாலிலும் ஒட்டாவாவிலும் கிளப்புகள் முளைத்துவிட்டன. ஆட்டம் இருந்தது, கூட்டம் இருந்தது. ஆனால் கனடா முழுமைக்கும் யார் சாம்பியன் என்று காட்ட எந்தச் சின்னமும் இல்லை.

இந்த நேரத்தில்தான் ஸ்டான்லி வருகிறார்.

முழுப்பெயர் ஃபிரெடெரிக் ஆர்தர் ஸ்டான்லி. 1841இல் இங்கிலாந்தில் பிறந்தவர். அவருடைய தந்தை பதினான்காம் டெர்பி பிரபு, பிரிட்டனின் பிரதமராக மூன்று முறை இருந்தவர். ஃபிரெடெரிக்கும் நாடாளுமன்ற உறுப்பினராகி, போர்த்துறை அமைச்சராகவும் காலனிகளுக்கான அமைச்சராகவும் இருந்தார். 1886இல் அவருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. இங்கிலாந்தில் பிரபுப் பட்டத்தோடு ஓர் ஊரின் பெயரைச் சேர்ப்பது வழக்கம். முதலில் எந்த ஊர் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியதோ, அந்த லங்காஷயர் ஊரான பிரெஸ்டன் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. அப்படித்தான் ‘பிரெஸ்டனின் ஸ்டான்லி பிரபு’ ஆனார். கிண்ணத்தில் இருப்பது இந்தப் பட்டப் பெயர்தான்.

1888இல் அவரைக் கனடாவின் கவர்னர் ஜெனரலாக அனுப்பினார்கள். கனடா அப்போது ‘டொமினியன்’. உள்நாட்டு விஷயங்களைத் தானே ஆண்டுகொள்ளும், ஆனால் பிரிட்டிஷ் மகுடத்துக்குக் கீழே இருக்கும் நாடு என்று புரிந்துகொள்ளலாம். விக்டோரியா மகாராணியின் பிரதிநிதியாக ஒட்டாவாவில் ரிடோ ஹால் என்ற மாளிகையில் இருப்பதும், சட்டங்களுக்கு ஒப்புதல் தருவதும், விழாக்களுக்குத் தலைமை தாங்குவதும் கவர்னர் ஜெனரலின் வேலை. கோப்பையின் அதிகாரபூர்வப் பெயரில் இருந்த ‘டொமினியன்’ அந்த அரசியல் ஏற்பாட்டைத்தான் குறித்தது. நாடு முழுமைக்குமான கோப்பை என்று பொருள்.

அவர் ஹாக்கியைப் பார்த்தது 1889 பிப்ரவரியில், மான்ட்ரியால் குளிர்கால விழாவில். மான்ட்ரியால் விக்டோரியாஸ் அணியும் மான்ட்ரியால் அமெச்சூர் அத்லெட்டிக் சங்கத்தின் அணியும் மோதிய ஆட்டம் அது. அவருக்குப் பிடித்துப்போனது. ஆனால் அவரை ஹாக்கிப் பித்தராக மாற்றியவர்கள் அவருடைய பிள்ளைகள் என்றுதான் நான் நினைக்கிறேன். ரிடோ ஹால் வளாகத்திலேயே பனித்தளம் இருந்தது. மகன்கள் ஆர்தரும் ஆல்ஜர்னானும் அரசு ஊழியர்களையும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் சேர்த்துக்கொண்டு ‘ரிடோ ரெபல்ஸ்’ என்ற அணியை நடத்தினார்கள். கவர்னர் ஜெனரலின் ரயில் பெட்டியிலேயே ஊர் ஊராகப் போய் ஆடினார்கள். 1890இல் ஒன்டாரியோ ஹாக்கி சங்கம் உருவானதில் ஆர்தருக்குப் பெரும் பங்கு உண்டு.

மகள் இசபெலையும் சொல்லியாக வேண்டும். நீண்ட வெள்ளை உடையில், கையில் மட்டையோடு, ரிடோ ஹால் பனித்தளத்தில் அவர் ஆடும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. பெண்கள் ஹாக்கி ஆடியதற்கான மிகப் பழைய சான்றுகளில் ஒன்று அது. தந்தையின் பெயர் உலகம் முழுக்கத் தெரிந்திருக்க, மகளுக்கு அந்த மரியாதை கிடைக்க 2016 வரை ஆனது. அந்த ஆண்டு அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை லீக் ஒன்று தன் கோப்பைக்கு ‘இசபெல் கோப்பை’ என்று பெயர் வைத்தது. ரொம்பத் தாமதம்தான்.

சரி, கோப்பைக்கு வருவோம். 1892 மார்ச் 18 அன்று ஒட்டாவாவின் ரஸ்ஸல் ஹவுஸ் ஹோட்டலில் உள்ளூர் ஹாக்கி அணியைப் பாராட்டி ஒரு விருந்து நடந்தது. ஸ்டான்லி பிரபு வரவில்லை. அவருடைய உதவியாளரும், மகன்களோடு சேர்ந்து ரெபல்ஸ் அணியில் ஆடியவருமான கில்கோர்சி பிரபு எழுந்து அவருடைய கடிதத்தை வாசித்தார். ஹாக்கி சாம்பியன் யார் என்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் எதுவும் இல்லை, ஆட்டத்தின் மேல் மக்களுக்கு இவ்வளவு ஆர்வம் இருக்கிறது, எல்லோரும் ஒப்புக்கொண்ட விதிகளின்படி நேர்மையாக ஆடுவதும் முக்கியம், ஆகவே ஆண்டுதோறும் வெல்லும் கிளப் வைத்துக்கொள்ள ஒரு கோப்பை தரத் தயாராக இருக்கிறேன் என்பது கடிதத்தின் சாரம்.

கோப்பையை வாங்கும் பொறுப்பு இங்கிலாந்துக்குப் போயிருந்த கேப்டன் சார்லஸ் கோல்வில்லிடம் போனது. ஷெஃபீல்டில் செய்யப்பட்ட வெள்ளிக் கிண்ணம் ஒன்றை, லண்டன் ரீஜன்ட் தெருவில் இருந்த ஜி. ஆர். காலிஸ் கடையில் அவர் வாங்கினார். விலை 10 கினி. அன்றைய கனடிய மதிப்பில் 50 டாலரைக்கூடத் தொடவில்லை. உயரம் சுமார் 18 செ.மீ., விட்டம் 29 செ.மீ., உட்புறம் பொன்முலாம். உண்மையில் அது விருந்துகளில் பானம் கலந்து வைக்கும் பாத்திரம்தான். இன்று தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் உயரமான கோப்பையின் உச்சியில் இருக்கும் கிண்ணம் இதன் நகல்.

கொடுப்பதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை, நிபந்தனைகளும் விதித்தார். நம் ஊர்ப் பள்ளிகளில் விளையாட்டு விழாவன்று தரும் சுழற்கோப்பையை நினைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும். எத்தனை முறை வென்றாலும் கோப்பை யாருக்கும் சொந்தமாகிவிடாது. அடுத்த அணி வென்றால் நல்ல நிலையில் திருப்பித் தர வேண்டும். வென்ற அணி தன் பெயரைப் பொறித்துக்கொள்ள விரும்பினால் வெள்ளி வளையம் ஒன்றைத் தன் செலவில் சேர்த்துக்கொள்ளலாம். எது முறையான சவால், யார் உண்மையான சாம்பியன் என்ற சர்ச்சை வந்தால் இரண்டு அறங்காவலர்கள் சொல்வதுதான் முடிவு. ஒருவர் விலகினால் மற்றவர் புதியவரைச் சேர்த்துக்கொள்வார். ஒட்டாவா ஷெரீஃப் ஜான் ஸ்வீட்லாண்டும், பத்திரிகை நடத்திவந்த ஃபிலிப் ராஸும் முதல் அறங்காவலர்கள். கோப்பை ஒரு லீக்குக்கோ கிளப்புக்கோ சொந்தமாகாமல் இத்தனை காலம் தப்பியதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம். அந்தக் கிண்ணத்தைவிட இந்த நிபந்தனைகள்தான் ஸ்டான்லியின் பெரிய கொடை என்பேன்.

பெயர் மாறிய இடமும் இதுவே. ஸ்டான்லி விரும்பியது ‘டொமினியன்’ பெயரை. ஆனால் அறங்காவலர்களும் பத்திரிகைகளும் ஆரம்பத்திலிருந்தே கொடுத்தவர் பெயரால்தான் அதைக் குறிப்பிட்டார்கள். நீளமான அதிகாரபூர்வப் பெயரை யார் ஒவ்வொரு முறையும் சொல்வார்கள்? ‘ஸ்டான்லி கோப்பை’ சுருக்கமாக இருந்தது, நன்றியும் அதில் இருந்தது. அவருக்குப் பின்னால் வந்த கவர்னர் ஜெனரல்களும் இதே வழியில் நடந்தார்கள். லக்ராஸ் விளையாட்டுக்கு மின்டோ பிரபு 1901இல் கொடுத்தது மின்டோ கோப்பை. மின்டோ–மார்லி சீர்திருத்தம் என்று நாம் பள்ளிப் பாடத்தில் படித்தோமே, அதே மின்டோதான். பிறகு இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்தார். கனடிய ஃபுட்பாலுக்கு கிரே பிரபு 1909இல் கொடுத்தது கிரே கோப்பை. இன்னொரு கவர்னர் ஜெனரலின் மனைவி பிங் சீமாட்டி, கண்ணியமாக ஆடும் ஹாக்கி வீரருக்கென்று 1925இல் ஒரு கோப்பை கொடுத்தார். அதுவும் இன்றுவரை அவர் பெயரில்தான் வழங்கப்படுகிறது.

ஸ்டான்லியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என்னை வருத்துவது ஒன்றுதான். தன் பெயரால் அழைக்கப்படும் கோப்பைக்காக நடந்த ஒரு சவால் ஆட்டத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. 1893 ஏப்ரலில் அவருடைய அண்ணன் இறந்துபோக, குடும்பப் பட்டம் இவருக்கு வந்தது. பதினாறாம் டெர்பி பிரபுவாக அந்த ஜூலையிலேயே கனடாவை விட்டுக் கிளம்பிவிட்டார். முதல் சவால் ஆட்டம் நடந்தது 1894 மார்ச்சில். அவர் திரும்பி வரவே இல்லை. 1908இல் இறந்தார்.

இங்கே அந்தக் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் கதை நம் காவிரிக் கரைக்கு வருகிறது.

குதிரைப் பந்தயத்தில் ‘டெர்பி’ என்கிறோமே, அது இதே குடும்பத்தின் பன்னிரண்டாம் டெர்பி பிரபுவால் வந்த பெயர். 1780இல் எப்சம் மைதானத்தில் முதல் டெர்பி ஓடியது. ஆக, ஒரே குடும்பத்தின் இரண்டு பட்டங்கள் இரண்டு விளையாட்டுகளில் நிலைத்துவிட்டன. ஃபாக்லாந்துத் தீவுகளின் தலைநகர் ஸ்டான்லிக்குப் பெயர் தந்தவர், நம் ஃபிரெடெரிக்கின் தந்தை. கனடாவின் வான்கூவர் நகரில் இருக்கும் ஸ்டான்லி பூங்கா ஃபிரெடெரிக்கின் பெயரிலேயே இருக்கிறது.

ஃபிரெடெரிக்கின் மகன்களில் ஒருவர் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டான்லி, 1872இல் பிறந்தவர். 1929 முதல் 1934 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநர். 1934இல் மேட்டூர் அணையைத் திறந்துவைத்தவர் இவர்தான். அணைக்குப் பின்னால் தேங்கும் பரப்புக்கு ‘ஸ்டான்லி நீர்த்தேக்கம்’ என்ற பெயர் இவரால் வந்தது. வடசென்னையின் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியும் இவர் பெயரைத் தாங்கி நிற்பதுதான். டெல்டா விவசாயி தினமும் நீர்மட்டம் பார்க்கும் நீர்த்தேக்கத்தின் பெயரும், கனடிய ஹாக்கி வீரர் தலைக்கு மேல் தூக்கும் கோப்பையின் பெயரும் ஒரு தந்தைக்கும் மகனுக்கும் உரியவை. மேட்டூரைத் தெரிந்த பலருக்கு அந்தக் கோப்பையைத் தெரியாது, கோப்பையைத் தெரிந்தவர்களுக்கு மேட்டூரைத் தெரியாது. அதனாலேயே இதைச் சொல்ல ஆசைப்பட்டேன்.

இணையத்தில் தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘ஸ்டான்லி கப்’ என்று தேடினால் கைப்பிடியும் உறிஞ்சுகுழலும் வைத்த பெரிய டம்ளர்களின் படங்கள் வரிசையாக வரும். அது முழுக்க எஃகாலான வெற்றிட ஃபிளாஸ்க்கை உருவாக்கிய வில்லியம் ஸ்டான்லி என்ற அமெரிக்கரின் பெயரில் உள்ள நிறுவனம். ஆப்பிரிக்காவைச் சுற்றிய ஹென்றி மார்டன் ஸ்டான்லியும் வேறு ஆள். கோப்பைக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை.

கனடாவுக்குத் திரும்புவோம். முதல் கோப்பையே சிக்கலோடுதான் போய்ச் சேர்ந்தது. 1893இல் லீக்கில் முதலிடம் பிடித்தது மான்ட்ரியால் ஹாக்கி கிளப். ஆனால் அந்தக் கிளப் ஒரு பெரிய அத்லெட்டிக் சங்கத்தோடு இணைந்திருந்தது. அறங்காவலர் ஸ்வீட்லாண்ட் கோப்பையைக் கொண்டுபோய்ச் சங்கத் தலைவரிடம் கொடுத்துவிட்டார். ஆடி வென்றது நாங்கள், எங்களைக் கேட்காமல் அவர்களிடம் கொடுப்பதா என்று கிளப்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். சமாதானம் ஆக மாதக்கணக்கில் ஆனது. 1894இல் அதே கிளப் ஒட்டாவாவைத் தோற்கடித்துக் கோப்பையைத் தக்கவைத்தது.

‘சேலஞ்ச் கப்’ என்ற பெயர் எதைக் குறித்தது என்று புரிந்துகொள்ள 1905ஆம் ஆண்டின் கதை ஒன்றே போதும். இன்றுபோல ஒரே லீக்கின் அணிகள் மட்டும் பிளே-ஆஃப் என்ற இறுதிச் சுற்றுகளில் மோதிக் கோப்பையை வெல்லும் முறை அன்று கிடையாது. தகுதியான எந்த அணியும் சவால் விடலாம், அறங்காவலர்கள் ஒப்புக்கொண்டால் ஆடலாம். வடமேற்கு மூலையில், யூகான் பகுதியில், தங்கம் தேடி வந்தவர்களால் உருவான ஊர் டாசன் சிட்டி. அந்த ஊர் அணி ஒட்டாவாவுக்குச் சவால் விட்டது. ஜோ பாயில் என்ற தங்கச் சுரங்க முதலாளி செலவுக்குப் பணம் கொடுத்தார். 1904 டிசம்பரில் கிளம்பினார்கள். சிலர் நடந்தும், சிலர் சைக்கிளிலும், சிலர் நாய்கள் இழுக்கும் வண்டியிலும் பனியைக் கடந்தார்கள். பிறகு ரயில், அதன்பின் கப்பல். பிடிக்க வேண்டிய கப்பல் தவறிப்போய் அடுத்ததற்குக் காத்திருந்தார்கள். பிறகு கனடாவைக் குறுக்கே கடக்கும் ரயில். சுமார் 6,400 கிலோமீட்டர். ஜனவரி 12 அன்று ஒட்டாவா வந்து இறங்கி, மறுநாளே ஆடினார்கள்.

முதல் ஆட்டத்தில் 9–2 என்று தோற்றார்கள். இரண்டாவதில் 23–2. அந்த ஆட்டத்தில் ஒட்டாவாவின் ஃபிராங்க் மெக்கீ மட்டுமே 14 கோல்கள் போட்டார். ஒரு கண்ணில் பார்வை இழந்தவர் அவர். ஸ்டான்லி கோப்பை ஆட்டம் ஒன்றில் ஒரே வீரர் போட்ட அதிகபட்ச கோல்கள் என்ற சாதனை இன்றும் அதுதான். இப்படித் தோற்ற அணியை யாரும் மறந்துவிடவில்லை. அத்தனை தூரத்தையும் பனியையும் தாண்டி வர வைத்தது, நிபந்தனைகளில் ‘சவால்’ என்ற கதவை ஸ்டான்லி திறந்து வைத்திருந்ததுதான்.

அந்தக் கதவு மெல்ல மூடியது. ஆட்டத்துக்குள் பணம் வந்தது, சம்பளம் வாங்கும் வீரர்கள் வந்தார்கள். 1908இல் அமெச்சூர் அணிகளுக்கென்று தனியாக ஆலன் கோப்பை வந்துவிட, ஸ்டான்லி கோப்பை தொழில்முறை அணிகளுடையதானது. 1917இல் என்ஹெச்எல் பிறந்தது. போட்டி லீக்குகள் ஒவ்வொன்றாகக் கலைந்துபோன பின், 1927 முதல் அதன் அணிகள் மட்டுமே கோப்பைக்கு ஆடின. 1947இல் அறங்காவலர்கள் என்ஹெச்எல்லுடன் முறைப்படி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். கையெழுத்திட்டவர்களில் ஒருவர் அதே ஃபிலிப் ராஸ். ஸ்டான்லியால் நியமிக்கப்பட்டவர் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தப் பொறுப்பில் இருந்தார். 1949இல் இறக்கும்வரை அதை விடவில்லை.

இதற்கிடையே கிண்ணத்துக்குக் கீழே வளையம் மேல் வளையமாகச் சேர்ந்து கோப்பை வளர்ந்தது. வீரர்களின் பெயர்களும் ஏறின. அதில் எழுத்துப் பிழைகளும் உண்டு. 1972இல் பாஸ்டன் அணியின் பெயரிலேயே பிழை விழுந்து, அப்படியே நிற்கிறது. இன்று பெரிய வளையங்கள் ஐந்து, ஒவ்வொன்றிலும் 13 அணிகளுக்கு இடம். கடைசி வளையம் நிரம்பியதும் பெரிய வளையங்களில் பழையதைக் கழற்றி டொராண்டோவின் ஹாக்கி புகழ்மன்றத்தில் வைத்துவிட்டு, கீழே புதியதைச் சேர்ப்பார்கள். 1892இன் அசல் கிண்ணம் நைந்துபோய்விட்டதால் அதுவும் அதே புகழ்மன்றத்தில், பழைய வங்கி ஒன்றின் பாதுகாப்பு அறைக்குள் இருக்கிறது.

கோப்பை யாருக்கும் போகாத ஆண்டுகளும் உண்டு. 1919இல் மான்ட்ரியால் கனடியன்ஸ், சியாட்டில் மெட்ரோபாலிட்டன்ஸ் அணிகளின் இறுதித் தொடர் ஃபுளூ கொள்ளைநோயால் பாதியில் நின்றது. மான்ட்ரியால் வீரர் ஜோ ஹால் அந்த நோயிலேயே இறந்தார். அடுத்தது 2005. முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் ஊதியத் தகராறு முற்றி, பருவம் முழுவதுமே ரத்தானது. அப்போதுதான் டொராண்டோவில் பொழுதுபோக்காக ஹாக்கி ஆடும் சிலர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஸ்டான்லி இதை என்ஹெச்எல்லுக்குக் கொடுக்கவில்லை, கனடாவின் சிறந்த அணிக்குக் கொடுத்தார், லீக் ஆடாவிட்டால் மற்றவர்களுக்கு ஏன் தரக் கூடாது என்பது அவர்கள் வாதம். 2006இல் வழக்கு சமரசமாக முடிந்தது. என்ஹெச்எல் ஆடாத ஆண்டுகளில் கோப்பையை வேறு அணிகளுக்கு வழங்க அறங்காவலர்களுக்கு உரிமை உண்டு, ஆனால் கட்டாயம் இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள்.

அந்த வெற்று ஆண்டில் அப்போதைய கவர்னர் ஜெனரல் ஏட்ரியன் கிளார்க்சன் இன்னொரு யோசனை சொன்னார்: கோப்பையைப் பெண்கள் அணிகளுக்குக் கொடுக்கலாமே. அது நடக்கவில்லை. ஆகவே ஸ்டான்லி செய்ததையே அவரும் செய்தார். பெண்கள் ஹாக்கிக்கென்று தானே ஒரு கோப்பையை ஏற்படுத்தினார். 2006இல் கனடாவின் தேசியப் பெண்கள் அணி அதை முதலில் பெற்றுக்கொண்டது. அதன் பெயர் கிளார்க்சன் கோப்பை.